கைப்பேசியில் தெரியும் அஞ்சல் எங்கே இருக்கிறது?

கைப்பேசியில் மின்னஞ்சல் பார்க்கும் பழக்கம் பரவலாகிவிட்ட போதிலும், திரையில் தெரியும் அந்தக் கடிதம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதில் பலருக்கும் தெளிவில்லை. குறுஞ்செய்தியின் இயல்பை வைத்து மின்னஞ்சலையும் அளவிடுவதே இதற்குப் பெரிய காரணம் எனலாம். குறுஞ்செய்தியைத் தொலைபேசி நிறுவனத்தின் மையம், உரிய கைப்பேசி தொடர்புக்குக் கிடைக்கும்வரை வைத்திருந்து கொடுக்கிறது; கொடுத்த பிறகு அச்செய்தியைப் படிக்க வேண்டுமானால் பொதுவாக அந்தக் கைப்பேசியைத்தான் திறக்க வேண்டும், காப்புப் பிரதி இல்லையெனில் அது தொலைந்தால் செய்தியும் தொலைகிறது. வலைவழி மின்னஞ்சலில் கடிதத்தின் மூலப்படி, சேவை தரும் நிறுவனத்தின் தரவு மையத்தில் இருக்கிறது. கைப்பேசிக்கு வருவது அதன் நகல்தான், பட்டியலாகப் பார்க்கும்போது முழு நகலும் அல்ல, அனுப்பியவர் பெயரும் தலைப்பும் முதல் வரியும் மட்டுமே. புதுக் கைப்பேசி வாங்கியதும் பத்தாண்டுப் பழைய கடிதங்கள் தாமாக வந்து நிற்பதும், கைப்பேசியில் அழித்த கடிதம் வீட்டுக் கணினியிலும் காணாமல் போவதும் இந்த ஒரே உண்மையின் இரண்டு பக்கங்கள்.

அஞ்சலகத்தில் வாடகைக்கு எடுக்கும் தபால் பெட்டியை இதற்கு ஒப்பிடலாம். தபால்காரர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போகும் கடிதத்துக்கும், அஞ்சலகப் பெட்டியில் கிடக்கும் கடிதத்தைச் சாவி வைத்திருப்பவர் போய்ப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கும் இருக்கிறது. ஒப்புமை ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாது: அஞ்சலகப் பெட்டியைத் திறப்பவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், வலைவழி மின்னஞ்சலைத் திறப்பவரோ அதைப் படித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வருகிறார். சாவியின் இடத்தில் கடவுச்சொல் இருப்பதால், எந்தக் கருவியிலிருந்தும், எந்த ஊரிலிருந்தும் அதே பெட்டியைத் திறக்க முடிகிறது.

பெட்டிக்குக் கடிதம் வந்து சேரும் வழி, கைப்பேசிகள் பரவுவதற்கு முன்பே வகுக்கப்பட்டது. அமெரிக்காவின் அர்ப்பாநெட் என்னும் கணினி வலையமைப்பில், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செல்லும் அஞ்சலை 1971இல் ரே டாம்லின்சன் செய்து காட்டியபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு @ குறியைத் தேர்ந்தெடுத்தார். சோதனைக்குப் பயன்பட்ட இரண்டு கணினிகளும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அந்த முதல் செய்தியில் என்ன எழுதினார் என்பது பிற்காலத்தில் அவருக்கே நினைவில்லாமல் போயிற்று. முகவரியின் பின்பாதியைப் பார்த்து, அதற்குரிய சேவையகம் எது என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் விசாரித்து, அதனிடம் கடிதத்தை ஒப்படைப்பது இன்றைய நடைமுறை. சேவையகம் என்பது பிற கணினிகளின் வேண்டுகோள்களுக்கு விடை தருவதற்கென்றே இயங்கும் கணினி. பேச்சில் சர்வர் என்று வழங்குவது. இரண்டு அஞ்சல் சேவையகங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதித்தொகுப்பை, அதாவது நெறிமுறையை, ஜான் போஸ்டல் 1982இல் எழுதி வெளியிட்டார். எஸ்எம்டிபி எனப்படும் அந்த நெறிமுறையே பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பெறுபவரின் சேவையகம் அந்நேரத்தில் செயலிழந்திருந்தால், அனுப்பும் சேவையகம் கடிதத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நான்கைந்து நாள்வரைகூட மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்பது அதன் வழிகாட்டுதல். பெறுபவரின் கைப்பேசி அணைந்து கிடந்தால் அதனால் இந்தப் பயணத்துக்கு எந்த இடையூறும் இல்லை, ஏனெனில் இந்தப் பயணத்தில் கைப்பேசிக்கு இடமே இல்லை.

பெட்டிக்கு வந்த கடிதத்தை உரியவர் எடுப்பதற்குத்தான் காலந்தோறும் வெவ்வேறு முறைகள் தோன்றின. 1984இல் வந்த பாப் என்னும் நெறிமுறையின் விரிவே அஞ்சலக நெறிமுறை என்பதுதான். அது சேவையகத்திலிருந்து கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு, பொதுவாக அங்கே இருப்பதை நீக்கிவிடும். ஒருவருக்கு ஒரே கணினி, அதுவும் தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில் ஓடும் இணைப்பு என்றிருந்த காலத்துக்கு அது ஏற்றதாக இருந்தது. கடிதங்கள் சேவையகத்திலேயே இருக்க, படித்தது, படிக்காதது, கோப்புறையில் போட்டது என்னும் நிலைகளும் அங்கேயே பதிவாகும் ஐமாப் முறையை 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தார். இவ்விரண்டுக்கும் அஞ்சல் மென்பொருளை நிறுவி, சேவையகத்தின் பெயர் முதலிய விவரங்களை நிரப்ப வேண்டியிருந்தது. இணைய உலாவி ஒன்றே போதும் என்ற நிலையை உண்டாக்கியது, சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று தொடங்கிய ஹாட்மெயில். பணியிடத்தில் சொந்த அஞ்சலைப் பார்க்க முடியாதபடி பாதுகாப்புத் தடுப்பு இருந்ததே அந்த எண்ணத்துக்கு வித்திட்டது என்பர். சொந்தக் கணினி இல்லாமல் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்த தலைமுறைக்குத் தமிழ்நாட்டில் மின்னஞ்சல் முகவரி என்ற ஒன்று கிடைத்தது இந்த முறையால்தான். யாருடைய கணினியாக இருந்தாலும் பெட்டி தம்முடையதாக இருந்தது.

உலாவியில் முகவரியைத் தட்டும்போது நடப்பது ஒரு கேள்வியும் ஒரு பதிலும். உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கிறது, சேவையகம் அனுப்புகிறது, அத்துடன் உரையாடல் முடிந்துவிடுகிறது. அடுத்த கேள்வி வரும்போது, கேட்பவர் சற்று முன் வந்தவர்தானா என்பதை அறியும் வழி வலையின் அடிப்படை அமைப்பில் இல்லை. இந்த மறதிக்கு மருந்தாக, நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுல்லி 1994இல் குக்கி என்னும் ஏற்பாட்டை அறிமுகப்படுத்தினார். கடவுச்சொல் சரியாக இருந்தால் சேவையகம் ஒரு நீண்ட ரகசியக் குறியீட்டை உலாவியிடம் கொடுத்து வைக்கிறது. பின்வரும் ஒவ்வொரு கேள்வியோடும் உலாவி அதைச் சேர்த்து அனுப்புகிறது. மருத்துவமனையில் முதல் நாள் பதிந்து வாங்கிய சீட்டை ஒவ்வொரு முறையும் காட்டுவது போன்றது இது. கைப்பேசியில் நாள்தோறும் கடவுச்சொல் கேட்கப்படாமல் இன்பாக்ஸ் திறப்பது இந்தச் சீட்டின் வலிமையால்தான், கைப்பேசியைத் திருடியவருக்கும் அது திறப்பதும் அதே வலிமையால்தான்.

தொடக்கக் கால வலை அஞ்சலில் ஒரு கடிதத்தைத் திறந்தால் பக்கம் முழுவதும் புதிதாக இறங்க வேண்டியிருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் வெளியிட்ட ஜிமெயில், 1 ஜிபி இடம் தருவதாகச் சொன்னதால் முட்டாள்கள் தின வேடிக்கை என்று பலராலும் எண்ணப்பட்டது. அக்காலத்தில் ஹாட்மெயில் இலவசமாகத் தந்தது 2 எம்பி. ஆனால் இடத்தைவிடப் பெரிய மாற்றம் அதன் இயங்குமுறையில் இருந்தது என்றே கருதத் தோன்றுகிறது. அதில் பக்கத்தின் சட்டகமும் அதை இயக்கும் நிரலும் ஒரே முறை இறங்கின. அதன் பிறகு கடிதத்தின் சரக்கு மட்டும் சிறு பொட்டலங்களாகப் பின்னணியில் வந்து, திரையின் உரிய பகுதியில் மட்டும் பொருத்தப்பட்டது. குறைந்த டேட்டாவும் நிலையில்லாத சிக்னலும் உடைய கைப்பேசிக்கு இத்தகைய சிக்கனம் உயிர்நாடி. ஆயினும் அக்காலக் கைப்பேசிகளால் அந்த நிரலை இயக்க முடியவில்லை. வாப் என்னும் சுருக்கப்பட்ட வலைமுறையில், சில வரிகள் மட்டுமே கொள்ளும் கறுப்பு வெள்ளைத் திரையில் தலைப்புகளை மட்டும் பார்ப்பதே 2000ஆம் ஆண்டையொட்டிய நிலை. 2005இல் வெளிவந்த ஓபரா மினி உலாவி, பக்கத்தைத் தன் நிறுவனத்தின் சேவையகத்தில் வரவழைத்துச் சுருக்கிக் கைப்பேசிக்கு அனுப்பியது. சாதாரணப் பொத்தான் கைப்பேசியிலும் மின்னஞ்சல் திறந்தது. அந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது: வழியில் பிறர் படிக்க முடியாதபடி செய்யும் மறைகுறியாக்கம் அந்த இடைச் சேவையகத்தில் அவிழ்க்கப்பட்டதால், கடவுச்சொல்லும் கடிதமும் இடையில் உள்ள ஒரு நிறுவனத்தின் கையைக் கடந்து போயின.

இன்றைய திறன்பேசியில் ஒரே அஞ்சல் பெட்டியைத் திறக்க இரண்டு வாயில்கள் உள்ளன, உலாவி ஒன்று, நிறுவனத்தின் செயலி மற்றொன்று. இரண்டும் அதே சேவையகத்திடம், அதே மறைகுறியாக்கப்பட்ட வழியில்தான் பேசுகின்றன. செயலியில் திரையின் சட்டகமும் நிரலும் நிறுவும்போதே இறங்கிவிடுகின்றன. அண்மைக் கடிதங்களின் நகலும் கைப்பேசியில் வைக்கப்படுகிறது. ஆகவே பேருந்து மலைப்பாதையில் சிக்னல் இழக்கும்போதும் செயலியில் அண்மைக் கடிதங்கள் படிக்கக் கிடைக்கின்றன, எழுதிய பதில் அனுப்பப்படாமல் வரிசையில் காத்திருந்து, சிக்னல் திரும்பியதும் கிளம்புகிறது. உலாவியிலும் இத்தகைய நகல் வைக்கும் வசதி நாளடைவில் வந்துவிட்டது என்றாலும், இடம் குறைந்தால் அந்த நகலைக் கேட்காமலே துடைத்துவிடும் உரிமை உலாவிக்கு உண்டு. ஆண்டுக்கு இருமுறை மட்டும் பார்க்கும் பெட்டிக்குச் செயலி வேண்டியதில்லை. பிறர் கைப்பேசியில் அவசரமாகப் பார்க்க நேர்ந்தால், தடயம் வைக்காத மறைநிலைத் தாவலில் உலாவியில் பார்ப்பதே நல்லது.

புதுக் கடிதம் வந்ததும் கைப்பேசி மணியடிப்பது எப்படி என்பது இந்த அமைப்பிலேயே நுட்பமான பகுதி. கேட்டால் மட்டுமே பதில் தருவது வலையின் இயல்பு என்று முன்னர்ச் சொல்லப்பட்டது. அப்படியானால் கேட்காதபோது செய்தி வருவதெங்ஙனம்? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியே போய்க் கேட்பது ஒரு வழி. தபால் வந்ததா என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பதைப் போன்ற இவ்வழியில் பெரும்பாலான நடைகள் வீணாகின்றன, வீண் நடைக்கும் பேட்டரி செலவாகிறது. கைப்பேசியின் வானொலிப் பகுதி ஒருமுறை விழித்தால், சில பைட்டுகளை மட்டும் அனுப்பிப் பெற்ற பின்னும் உடனே உறங்கிவிடுவதில்லை, மேலும் சில நொடிகள் விழித்தே இருக்கிறது என்பதால் இழப்பு இன்னும் கூடுகிறது. கனடாவின் ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999இல் தொடங்கிய பிளாக்பெரி சேவை, கடிதம் வந்தவுடன் அதைத் தன் மையத்தின் வழியே கருவிக்குத் தள்ளிவிடும் முறையால்தான் அலுவலர்களிடையே புகழ்பெற்றது. ஆப்பிள் 2009இலும், ஆண்ட்ராய்டுக்காகக் கூகுள் 2010இலும் இதைப் பொதுவான ஏற்பாடாக்கின. ஒவ்வொரு செயலியும் தனித்தனியே தன் சேவையகத்தோடு இணைப்பு வைத்திருப்பதற்குப் பதிலாக, கைப்பேசியின் இயங்குதளம் தன் நிறுவனத்தின் அறிவிப்பு மையத்தோடு ஒரே ஓர் இணைப்பை எப்போதும் உயிரோடு வைத்திருக்கிறது. அஞ்சல் சேவையகம் அந்த மையத்துக்குத் தகவல் சொல்ல, மையம் கைப்பேசியைத் தட்டி எழுப்புகிறது, எழுந்த செயலி அஞ்சல் சேவையகத்திடம் சென்று புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டுப் பெறுகிறது. மணி ஒலித்துச் சில கணங்கள் கழித்தே கடிதம் பட்டியலில் தோன்றுவது இந்த இரண்டு கட்டங்களின் இடைவெளி. பேட்டரி சேமிப்பு நிலையில் இயங்குதளம் இத்தகைய எழுப்பல்களைத் தள்ளிப்போடுவதால், காலைக் கடிதத்தின் அறிவிப்பு மதியம் வந்து சேர்வதும் உண்டு. தாமதம் அறிவிப்புக்குத்தானே தவிர, கடிதம் காலையிலேயே பெட்டிக்குள் வந்துவிட்டது.

தமிழில் எழுதிய கடிதம் இந்த வழிகளில் எப்படிப் போகிறது என்பது தனியே கவனிக்கத் தக்கது. மின்னஞ்சலின் அடிப்படை விதிகள் ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. பிற மொழிகளையும், படம், ஒலி முதலிய இணைப்புகளையும் அந்தக் குறுகிய வழியில் செலுத்துவதற்கான மைம் என்னும் விதிகளை நதானியேல் போரன்ஸ்டீனும் நெட் ஃபிரீடும் 1992இல் அமைத்தனர். எதை அனுப்பினாலும் அதை ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் ஆகியவற்றின் வரிசையாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் திரும்ப மாற்றிக்கொள்வது அதன் சாரம். அம்மா என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து குறிகள். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டு வேண்டும் என்பதால் 15 பைட்டு. மைம் விதிப்படி அதை அனுப்பும் இரண்டு முறைகளில் ஒன்றில் 20 எழுத்துகளாகவும், மற்றொன்றில் 45 எழுத்துகளாகவும் அது விரிகிறது. யூனிகோடு பரவாத காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம் என்றிருந்தது. அனுப்பியவரின் எழுத்துரு பெறுபவரிடம் இல்லையென்றால் கடிதம் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத் தெரிந்தது. தொடக்கக் கால ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலோ தமிழ் எழுத்துருவே இல்லாததால் வெறும் கட்டங்கள் தெரிந்தன. குறை கடிதத்தில் இல்லை, காட்டும் திரையில்தான் இருந்தது என்பதற்கு, அதே கடிதம் கணினியில் ஒழுங்காகத் தெரிந்ததே சான்று.

இணைப்புகளும் இதே விரிவுக்கு உள்ளாகின்றன. மூன்று பைட்டு நான்கு எழுத்தாவதால் 3 எம்பி ஒளிப்படம் சேவையகங்களுக்கிடையே பயணம் செய்யும்போது ஏறக்குறைய 4 எம்பி ஆகிறது. வலைவழி மின்னஞ்சலில் கைப்பேசி படத்தை உள்ளபடியே ஏற்றிவிடுகிறது, மாற்றும் வேலை சேவையகத்தில் நடக்கிறது. ஆதலால் இந்தச் சுமை பயனாளரின் டேட்டாவில் விழுவதில்லை. வந்த இணைப்பைத் தொட்டுத் திறக்கும்வரை முழுக் கோப்பும் கைப்பேசிக்கு இறங்குவதில்லை என்பதும் இம்முறையின் நன்மை.

இட நெருக்கடி பற்றிய எச்சரிக்கை வரும்போது பலரும் கைப்பேசியிலுள்ள பாட்டுகளையும் படங்களையும் அழிக்கத் தொடங்குகின்றனர். அதனால் பயன் விளைவதில்லை, ஏனெனில் நிரம்பியது கைப்பேசி அன்று, சேவையகத்தில் உள்ள கணக்கு. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் ஜிமெயிலுக்கு மட்டும் உரியதன்று, டிரைவில் உள்ள கோப்புகளும், ஃபோட்டோஸில் ஏறிய படங்களும், ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் எடுத்துவைக்கும் காப்புப் பிரதியும் அதே இடத்தில்தான் அடங்க வேண்டும். அது நிரம்பி வழிந்தால் புதிய கடிதங்கள் உள்ளே வராமல், அனுப்பியவருக்கே திரும்புகின்றன. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு அழைப்புக் கடிதத்துக்குக் காத்திருப்பவர் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது தகும். குப்பைத் தொட்டிக்குப் போன கடிதம் ஜிமெயிலில் 30 நாள் வரை கிடக்கும். அதுவரை அதுவும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

சில உலாவிகளின் முகவரிப் பட்டியில் காணும் பூட்டுச் சின்னம், கைப்பேசிக்கும் சேவையகத்துக்கும் இடைப்பட்ட வழி மறைகுறியாக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. தேநீர்க் கடையின் பொது வைஃபையில் ஒட்டுக்கேட்பவரால் கடிதத்தைப் படிக்க முடியாது. சேவை நிறுவனத்தால் முடியும், குப்பை அஞ்சலைப் பிரிப்பதும் தேடினால் எடுத்துத் தருவதும் அதனால்தான் இயலுகின்றன. அந்தப் பூட்டு, கடிதம் அனுப்பியவர் நேர்மையானவர் என்பதற்கும் சான்றாகாது. எஸ்எம்டிபி நெறிமுறை எழுதப்பட்டபோது அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. உறையின் பின்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது போன்ற அந்த ஓட்டையைப் பின்னால் வந்த எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்னும் சோதனைகள் ஓரளவு அடைத்துள்ளன. நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயில் பயனாளர்களுக்கு அனுப்புவோர் இவற்றைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதித்திருக்கிறது. ஆனாலும் கைப்பேசியின் சிறிய திரை ஏமாற்றுவோருக்கு ஒரு வசதியைத் தருகிறது. இட நெருக்கடியால் அது அனுப்பியவரின் முகவரியைக் காட்டாமல், அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரை மட்டும் காட்டுகிறது. வங்கியின் பெயரில் வந்த கடிதத்தில் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தால்தான் உண்மையான முகவரி விரியும். கடிதத்தில் உள்ள சுட்டியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால்தான் அது எங்கே கொண்டுபோகும் என்பது தெரியும்.

கைப்பேசி தொலைந்தால் முதலில் செய்ய வேண்டியதும் குக்கி என்று மேலே சொன்ன சீட்டைப் பற்றியதுதான். வேறொரு கருவியில் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் உள்ள கருவிகளின் பட்டியலில் தொலைந்த கைப்பேசியைத் தேர்ந்து வெளியேற்றினால், அதனிடமுள்ள ரகசியக் குறியீடு செல்லாததாகிவிடும். இங்கே ஒரு முடிச்சு விழ வாய்ப்புண்டு: புதிய கருவியில் நுழைவதற்கான ஒருமுறைக் கடவுச்சொல், தொலைந்துபோன அதே கைப்பேசியின் எண்ணுக்கே வரும். கைப்பேசி இல்லாமலும் நுழைவதற்குச் சேவை நிறுவனம் தரும் மாற்றுவழிக் குறியீடுகளை முன்கூட்டியே தாளில் எழுதி வீட்டில் வைத்திருப்போருக்கு அந்த முடிச்சு இல்லை.

அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறும் பொத்தானும் கடிதம் இருக்கும் இடத்தைப் பொறுத்ததே. ஜிமெயிலில் அனுப்பு என்பதைத் தொட்டதும் திரையின் கீழே சில நொடிகள் தோன்றும் அந்த வசதி, போன கடிதத்தைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவருவதில்லை. உலாவியிலுள்ள அமைப்புகளில் தேர்ந்தெடுத்தபடி 5 முதல் 30 நொடி வரை கடிதத்தைச் சேவையகம் அனுப்பாமல் தன்னிடமே வைத்துக்கொள்கிறது, அதற்குள் தொட்டால் நிறுத்திவிடுகிறது. அந்த நொடிகள் கடந்து, மறுமுனைச் சேவையகம் பெற்றுக்கொண்டேன் என்று விடை சொல்லிவிட்டால், அக்கடிதம் வேறொருவரின் பெட்டியில் இருக்கிறது, அந்தப் பெட்டியின் சாவி அனுப்பியவரிடம் இல்லை.